ஊதாவும் காடாவும் சேர்ந்த லாட்ஜ்

இப்போது கலர்களுக்கெல்லாம் நம்பர் வந்துவிட்டது. விசிறி மாதிரி விரியும் ஒரு கலர் அட்டைக் கட்டை மெட்ராசிலிருந்து வரவழைத்து, எங்கள் அச்சுப் பட்டறையில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். சாமிக்குக்கூட அப்படிப் பூட்டு போட்டு நான் பார்த்ததில்லை. போன வாரம் நான் வேலையை விட்டு நின்றபோது, புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் அந்த விசிறியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

"அக்கா, இது இல்லாத காலத்துல கலரை எப்டிக்கா சொன்னீங்க?"

"வாயாலதான்."

"வாயால சொன்னா தப்பா பூடாதா?"

"பூடும். ஒருவாட்டி லாரி நெறையத் தப்பா வந்து எறங்குச்சு."

அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் எழுதும் கட்டுரையில் நரைத்த தலையை எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு முப்பது தாண்டி இரண்டு மூன்று வருடம்தான் ஆகிறது. அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலை கிடைத்ததால் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டேன். ஓய்வு பெற வயதாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

என் பெயர் பச்சையம்மாள். ஊர் அடி அண்ணாமலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் போனது ஓர் ஆடு மட்டும்தான். அதையும் வாத்தியார் விரட்டிவிட்டார். நான் விரட்டப்படாமல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். வேலூருக்குப் போய் ஓவியப் பரீட்சையில் லோயர், ஹையர் இரண்டும் தேறினேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முட்டை வரைந்தேன், பானை வரைந்தேன், இரண்டுக்கும் நிழல் போட்டேன். அப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "பானை வூட்லயே கீதே, அத்த எதுக்கு வரையறே?"

எழுபதுகளின் கடைசியில், தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த ஏகாம்பரத்தின் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் சேர்ந்தேன். துணிப்பை, ஸ்வீட் பெட்டி, கடை போர்டு, கல்யாணப் பத்திரிகை என்று எதில் எழுத்து வேண்டுமோ அதிலெல்லாம் அடித்துக் கொடுப்போம். கீழே அச்சு வேலை. மேலே மொட்டை மாடியை ஒட்டி ஆர்ட்டிஸ்ட் அறை. கீழே பத்திரிகை மடிக்கும் மேஜைதான் பெண்களுக்கு இடம். ஹையர் தேறியவள் என்று சொன்னேன். "அப்ப கரெக்டா மடிப்பே" என்றார் ஏகாம்பரம்.

மேலே இருந்த ஆர்ட்டிஸ்ட், சினிமா பேனர் வரையும் ஆசையில் ஒருநாள் மெட்ராசுக்கு பஸ் ஏறிவிட்டான். கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் எல்லாக் கடைக்காரனுக்கும் புது போர்டு தேவைப்படும் காலம். ஏகாம்பரம் என்னை மேலே கூட்டிப்போய், அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்: "ஏ நாற்காலி, தீபம் வரைக்கும் இந்தப் பொண்ணு உன் மேல குந்தட்டும். அதுக்கப்பறம் ஒரு ஆம்பள ஆர்ட்டிஸ்டா பாக்கலாம்."

அவர் பேச்சே அப்படித்தான். மனிதர்களைத் திட்ட மாட்டார், பொருள்களைத்தான் திட்டுவார். அச்சு போடும் காதர் பாய் மையை அதிகமாக இழுத்துவிட்டால், "ஏ மையி, உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்குதா? வயசாயிடுச்சே, இன்னும் கை நெதானம் வரலியே" என்று டப்பாவைப் பார்த்துக் கேட்பார். டப்பா பதில் பேசாது. காதர் பாயும் பேச மாட்டார். என் காலத்தில் அந்தப் பட்டறையில் அதிகம் திட்டு வாங்கியது பத்திரிகை மடிக்கும் மேஜைதான். அதன் எதிரே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் வேலையில் மனிதர் கறார். சாம்பிள் இல்லாமல் கலர் கிடையாது என்பது அவருடைய சட்டம். வாடிக்கையாளர் துணியோ, காகிதமோ, இலையோ கொண்டுவர வேண்டும். ஒருவர் மாடு மேய்ச்சலில் பிடுங்கிய பூவைக் கொண்டுவந்தார். அது மாலைக்குள் வாடி வேறு கலராகிவிட்டது, அவருடைய போர்டு எந்தக் கலரில் போனது என்பது அண்ணாமலையாருக்கே வெளிச்சம். நாங்கள் கலக்கிய மையை ஓர் அட்டைத் துண்டில் தேய்த்து, காய்ந்த பிறகுதான் காட்டுவோம். ஈரத்தில் எல்லாக் கலரும் பெரிய மனுஷன் மாதிரி இருக்கும். டியூப் லைட்டில் காட்டக் கூடாது. காலை வெயில் வாசலுக்கு வந்ததும், துண்டையும் சாம்பிளையும் சேர்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஏகாம்பரம் பார்ப்பார். திருப்தி என்றால் "ம்" என்பார். வாடிக்கையாளர் துண்டின் பின்பக்கம் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து தெரியாதவர்கள் அதே மையில் கைநாட்டு வைப்பார்கள். எது கலர், எது கட்டைவிரல் என்று பிறகு குழப்பம் வரும்.

மொட்டை மாடி வெயிலில் ஸ்கிரீனில் படம் ஏற்றுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. மருந்து பூசிய துணி மேல் படத்தை வைத்து, கண்ணாடி அழுத்தி, வெயிலில் காட்ட வேண்டும். எவ்வளவு நேரம்? ஏகாம்பரம் ஒரு டீ குடிக்கும் நேரம். மேகமாக இருந்தால் இரண்டு டீ. மழைக்காலத்தில் அவருக்கு இரவெல்லாம் தூக்கமே வராது என்று அவர் மனைவி சொல்வார்.

இந்த நிலையில்தான் ரைஸ்மில் நடேசன் வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புது லாட்ஜ் கட்டியிருந்தார். தீபத்துக்கு முன் திறக்க வேண்டும். பம்பாயில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்த மகன் சேகரும் கூட வந்தான். லாட்ஜின் போர்டு, சாவி அட்டை, துணிப்பை, சுவர், திரை, படுக்கை விரிப்பு எல்லாம் ஒரே ஜோடிக் கலரில் இருக்க வேண்டும் என்றான். ஊரில் அப்படி யாரும் அதுவரை கேட்டதில்லை. லாட்ஜ் என்றால் சுவர் பச்சை, திரை சிவப்பு, விரிப்பு எது மலிவோ அது.

"என்னென்ன கலரு தம்பி?" என்றார் ஏகாம்பரம்.

"இண்டிகோவும் பீஜும்."

"பீச்சா?"

"பீஜ்."

"அதான் சொல்றேன், பீச்சு. கடற்கரை மண்ணு கலரு."

காதர் பாய் கீழிருந்து கத்தினார்: "மெட்ராஸ் பீச்சா, பாண்டிச்சேரி பீச்சா? ரெண்டும் வேற வேற மண்ணு!"

"பீச் இல்லீங்க, பீஜ்! பி... ஈ..." என்று சேகர் எழுத்துக்கூட்ட ஆரம்பித்தான். ஹையர் தேறிய எனக்கும் அந்தச் சொல் தெரியாது. ஆனால் தெரியாத சொல்லுக்குத் தலையாட்டுவது படிப்பு அல்ல என்பது எனக்குத் தெரியும். "பேரு வேணாங்க, எங்கியாவது இருந்தா காட்டுங்க" என்றேன். அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு தன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "இதான் பீஜ்." தொடையைத் தட்டினான். "இதான் இண்டிகோ."

அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தேன். மேலே, வெளுக்காத காடாத் துணி நிறத்தில் ஒரு சட்டை. கீழே பம்பாய் ஜீன்ஸ், அவுரிச் சாயத்தின் ஆழமான நீலம், முழங்காலில் மட்டும் கொஞ்சம் தேய்ந்து. அந்த இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சண்டை போடாமல் உட்கார்ந்திருந்தன. அதுவரை நான் நீலத்தை எதனோடு சேர்த்தாலும் உருப்பட்டதில்லை. வெள்ளையோடு சேர்த்தால் பள்ளிக்கூடச் சீருடை, சிவப்போடு சேர்த்தால் சர்க்கஸ் கூடாரம், மஞ்சளோடு சேர்த்தால் மருந்துக்கடை. காடாவோடு சேர்த்தால் நீலத்தின் கத்தல் நிற்கிறது. காடாவுக்கும் தனியாக இருக்கும்போது இருக்கும் நோயாளிக் களை போய்விடுகிறது. இதை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. ஓர் ஆளின் பேன்ட்டில் படித்தேன்.

"சாம்பிள் வேணுமே" என்றார் ஏகாம்பரம், பேன்ட்டைப் பார்த்து.

"இதைக் கழட்டியா குடுக்க முடியும்?"

"ஏ பேன்ட்டு, உள்பக்கம் மடிப்பு இருக்குமே, அதுல ஒரு துண்டு குடுக்க மாட்டியா?"

காதர் பாய் கத்தரிக்கோலோடு மேலே வந்துவிட்டார். பம்பாயிலிருந்து வந்த சேகர், திருவண்ணாமலைச் சந்தில் ஒரு காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்துக்கொண்டு நின்றான். மடிப்பிலிருந்து ஒரு துண்டு, சட்டையின் உள்ளோரத்திலிருந்து ஒரு துண்டு. இரண்டையும் என் மேஜையில் பசை போட்டு ஒட்டினேன்.

துண்டுகளைப் பார்த்ததும் நடேசன் கிட்டே வந்தார்.

"இன்னாடா இது? ஒண்ணு சனி கலரு. இன்னொண்ணு பொணத்து மேல போத்தற கோடித் துணி கலரு. நான் லாட்ஜு தொறக்கறனா, சுடுகாடு தொறக்கறனா?"

"நைனா, பாம்பேல..."

"பாம்பேல மலை கீதா? தீபம் கீதா? வர்றவன் எல்லாம் சாமி கும்பிட வர்றான்டா. மஞ்சளா, சிவப்பா, லட்சணமா இருக்கட்டும்."

ஏகாம்பரம், வாடிக்கையாளர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் சாய்வதற்குத் தயாராக நின்றார். எனக்கு அந்த வேலை வேண்டும். பை எழுத்தும் ஸ்வீட் பெட்டியும் யார் வேண்டுமானாலும் போடலாம். ஒரு கட்டிடம் முழுக்க என் கலரில் நின்றால், தீபத்துக்குப் பிறகு என்னை யாரும் கீழே மடிப்பு மேஜைக்கு அனுப்ப முடியாது.

"ஐயா, மலை சுத்திட்டு வர்றவங்க காலைப் பாத்திருக்கீங்களா?" என்றேன்.

"ஏன், கும்பிடறதுக்கா?"

"வெறுங்கால்ல சுத்திட்டு வந்து நேரா கட்டில்ல விழுவாங்க. செம்மண்ணு, நெய்ப்புகை, விபூதி, குங்குமம் எல்லாம் விரிப்புல. நீங்க வெள்ளை போட்டாலும் மஞ்சள் போட்டாலும் ஒரே தீபத்துல அது என்னா கலருக்கு வரும்? சுவத்துல கை வெச்சு வெச்சு அது என்னா கலருக்கு வரும்?"

நடேசன் யோசித்தார். அவர் மில் முதலாளி. வெள்ளை வேட்டி எந்தக் கலருக்கு வரும் என்று அவருக்குத் தெரியும்.

"எப்டியும் வரப்போற கலரை நாமளே மொதல்ல அடிச்சிடலாங்க" என்றேன். "அழுக்குக்கு முன்னாடியே அழுக்கு கலர் போட்டா, அழுக்கு வந்து ஏமாந்து பூடும்."

சேகருக்கு முகம் சுருங்கியது. பம்பாயில் பீஜைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் நடேசன் வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்தப் பொண்ணு சொல்றதுதான்டா யாவாரம். நீ சொன்னது ஃபேஷன்." வேலை எங்களுக்கு வந்தது.

சுவர் வேலையை முதலில் பார்த்தேன். பெயிண்டர்கள் 'சந்தனக் கலர்' என்று புரிந்துகொண்டு நல்ல மஞ்சளாக ஒரு சுவர் அடித்துவிட்டார்கள். அறைக்குள் நுழைந்தால் அபிஷேகம் ஆனது போல இருந்தது. வெள்ளையில் மஞ்சள் காவி, அதன் வாயை மூட ஒரு துளி கறுப்பு என்று வாளியிலேயே கலந்து காட்டினேன். சந்தனத்துக்கும் காடாவுக்கும் வித்தியாசம் அந்தக் கறுப்புத் துளிதான். அளவும் முக்கியம். காடா பெரும்பங்கு, நீலம் சிறுபங்கு. இரண்டுக்கும் சமபாகம் கொடுத்தால் ஒரே அடுப்பில் இரண்டு ஓரகத்திகள் சமைப்பது மாதிரி ஆகிவிடும். சுவரும் பையும் காடா. திரை, விரிப்பு, எழுத்து நீலம். பைக்குக் காடாத் துணியையே எடுத்துக்கொண்டதால் ஒரே ஒரு நீல ஸ்கிரீன் போதுமானதாக இருந்தது. கலர் இரண்டு, மை ஒன்று. காதர் பாய் முதல் பையை அடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மா, துணி சும்மா கெடக்குறதே ஒரு கலரா பூடுச்சே" என்றார். அன்று முழுக்க எனக்குத் தலை கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

திரைக்கும் விரிப்புக்கும் சாயம் போடுவது எங்களால் ஆகாது. ஏகாம்பரத்தின் மாப்பிள்ளை மதுரைப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருந்தார். பேன்ட் துண்டைத் தபாலில் அனுப்பலாம் என்றேன். "மாப்பிள்ளைக்கு சாம்பிள் அனுப்பினா அவரை நம்பலன்னு ஆயிடும்" என்றார் ஏகாம்பரம். ஊருக்கெல்லாம் இருந்த சட்டம் மாப்பிள்ளைக்கு இல்லை. டிரங்க் கால் போட்டு, சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "ஊதாங்க மாப்ளே! நல்ல கெட்டி ஊதா! ஆமாங்க, ஊதா!"

அதில் எனக்கும் தப்பு எதுவும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் வானம் ஊதா, பேனா மை ஊதா, போலீஸ் வேன் ஊதா. நீலம் என்றால் வேட்டி அலசும்போது போடும் சொட்டு நீலம். அது பாட்டிலில் இருக்கும் ஒரு சரக்கு, கலர் இல்லை.

தீபத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது லாட்ஜுக்கு லாரி வந்தது. சேகரும் நடேசனும் லாட்ஜில் இருந்தார்கள். காதர் பாய் முதல் கட்டின் கயிற்றை அறுத்தார். உள்ளே, கத்தரிக்காய்ச் செடி பூத்துக் குலுங்கியது. எல்லாக் கட்டையும் அறுத்துப் பார்த்தோம். எல்லாம் கத்தரிப்பூ.

"இன்னாயா இது, டிராமாக் கொட்டாயா?" என்றார் நடேசன். "சனி வேணாம்னேன். இப்ப சனிக்கு ஒரு பொண்டாட்டியையும் கட்டி அனுப்பியிருக்கீங்க!"

ஏகாம்பரம் லாட்ஜ் கவுன்ட்டரிலிருந்தே மதுரைக்கு டிரங்க் கால் போட்டார். லைன் கிடைத்ததும் மாப்பிள்ளையின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது: "மாமா, ஊதான்னுதானே சொன்னீங்க? ஊதாதானே போட்டிருக்கேன்? நீலம்னு சொல்லியிருந்தா நீலமாப் போட்டிருப்பேன்ல!"

அந்த ஒரு சொல்லுக்கு அங்கே ஓர் அர்த்தம், இங்கே ஓர் அர்த்தம் என்பது அந்த நிமிடத்தில்தான் எங்களுக்கு விளங்கியது. "கரெக்டுங்க மாப்ளே, தப்பு எங்க பக்கந்தாங்க" என்று சொல்லிவிட்டு ஏகாம்பரம் ரிசீவரைப் பூ மாதிரி வைத்தார். மாப்பிள்ளையைத் திட்ட முடியாது. வாடிக்கையாளர் எதிரே நிற்கிறார். யாராவது ஒருவர் தப்பு செய்தே ஆக வேண்டும். அவர் குனிந்து ஒரு விரிப்பைக் கையில் எடுத்தார்.

"ஏ பெட்ஷீட்டு, உன்னைப் போயி ஒரு பொட்டப்புள்ள கையில நம்பி விட்டேனே. ஹையர் படிச்சிருக்குது, கலர் தெரியும்னு நெனச்சேனே. பத்திரிகை மடிக்கிற கைய மேல ஏத்தினா இப்டித்தான் ஆவும். நாளையிலேர்ந்து மேல நாற்காலி காலி."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. காதில் சூடு வந்தது. என் மேஜையில் ஒட்டிய பேன்ட் துண்டு இன்னும் அப்படியே இருக்கிறது. என்னிடம் அதை யாரும் கேட்கவே இல்லை. நான் கவுன்ட்டருக்குப் போய் டெலிபோனைப் பார்த்து நின்றேன்.

"ஏ டெலிபோனு, சாம்பிள் இல்லாம கலர் கெடையாதுன்னு ஊருக்கே சட்டம் பேசினவரு, உனக்குள்ள மட்டும் வாயால ஊதா ஊதான்னு ஊதினாரே, அப்பவே நீ சொல்லியிருக்கக் கூடாதா? தபால்ல அனுப்புங்கன்னு ஒரு பொட்டப்புள்ள சொல்லிச்சே, அது உன் காதுல விழலியா? மாப்பிள்ளைன்னா உனக்கும் பயமா?"

காதர் பாய் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஏகாம்பரம் விரிப்பைக் கீழே போடவும் முடியாமல் வைத்துக்கொண்டிருக்கவும் முடியாமல் நின்றார். அவரிடம் அவர் பாஷையிலேயே யாரும் பேசியதில்லை.

நடேசன்தான் பேசினார். "திட்டு இருக்கட்டும். தீபம் வருதே, இத்த என்னா பண்றது?"

நான் அதற்குள் யோசித்துவிட்டேன். மை கலக்கும்போது நீலம் சிவந்துவிட்டால் என்ன செய்வோமோ அதுதான். "பச்சைச் சாயம் வேணும். பெரிய அண்டாவும் கொதிக்கிற தண்ணியும் வேணும்."

"பச்சையா?" என்றார் நடேசன். "இருக்கற கலரு பத்தாதா? உன் பேரு பச்சைன்றதுக்காகவா?"

"கத்தரிப்பூன்றது நீலமும் சிவப்பும் கலந்ததுங்க. பச்சை போயி அந்தச் சிவப்பைத் தின்னுடும். நீலம் மட்டும் நிக்கும், கொஞ்சம் கறுத்து."

"தின்னலன்னா?"

"இப்பவே நாசந்தானே. இதுக்குமேல என்னா நாசம் ஆவப்போவுது?"

சேகர், "ட்ரை பண்ணலாம் நைனா" என்றான். கொதிக்கிற தண்ணீருக்கு ஊரில் நடேசனைவிடப் பெரிய ஆள் கிடையாது. அவர் மில்லில் நெல் அவிக்கிற பாய்லர் இருந்தது. ஓட்டை அடைத்து ஓரம் கட்டியிருந்த பழைய அண்டா ஒன்றுக்கு நீராவிக் குழாயைத் திருப்பிவிட்டார்கள். நடேசன் அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பாத்தும்மா, நாளைக்கு என் அரிசி ஊதாவா போச்சுன்னா ஒருத்தன் வாங்க மாட்டான்."

"எந்த ஊதாங்க?" என்றார் காதர் பாய்.

முதலில் ஒரு தலையணை உறையைப் போட்டேன். பச்சை ஜாஸ்தியாகி, காதர் பாயின் குடைத் துணி மாதிரி கறுத்து வந்தது. அதையும் யாரும் திட்டவில்லை. ஏகாம்பரம் களத்தின் ஓரத்தில் நெல் மூட்டைமேல் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது உறைக்குப் பச்சையைக் கம்மி செய்து, சாயம் பிடிக்கப் போடும் கல்லுப்பை ஜாஸ்தி செய்தேன். ஈரத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஈரத்தை நான் நம்பவில்லை. களத்தில் நெல்லுக்குப் பக்கத்தில் காயப்போட்டு, காய்ந்ததும் பேன்ட் துண்டோடு சேர்த்து வெயிலில் பிடித்தேன். ஒரு கண்ணை மூடினேன். கத்தரிப்பூ காணாமல் போயிருந்தது. அவுரி நீலத்துக்கு அண்ணன் தம்பி இல்லை என்றாலும் பங்காளி முறைக்கு வரும்.

மறுநாள் முழுக்க அண்டா கொதித்தது. நெல் கிளறும் துடுப்பால் மில் ஆட்கள் விரிப்பைக் கிளறினார்கள். எல்லா விரிப்பும் ஒரே மாதிரி வரவில்லை. சிலதில் அலை அலையாகக் கோடு விழுந்தது, சிலது ஒரு மூலையில் மட்டும் கறுத்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சேகரிடம் காட்டினேன். அவன் கண் விரிந்தது. "பாம்பேல இத்த வேணும்னே பண்றாங்க தெரியுமா?"

"அங்கியும் மாப்பிள்ளை இருக்காரு போல" என்றார் காதர் பாய்.

தீபத்துக்கு முந்தின நாள் லாட்ஜ் திறந்தது. காடாச் சுவர், அதன் ஓரமாக ஆழமான நீலத் திரை, கட்டிலில் நீல விரிப்பு, காடா அட்டையில் நீல எழுத்தில் அறை நம்பர். மறுநாள் சாயங்காலம் மலைமேல் தீபம் ஏற்றினார்கள். கூட்டம் மலையைச் சுற்றி வந்து, நான் சொன்னதுபோலவே, மண்ணோடும் விபூதியோடும் கட்டிலில் விழுந்தது. அடுத்த நாள் காலையில் நடேசன் ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அழுக்கு எங்கம்மா? தேடினாலும் கெடைக்கலியே" என்றார். அவருக்குச் சனி விட்டது என்று புரிந்துகொண்டேன்.

ஒரு குறை இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொருமுறை அலச நேரமில்லாததால் சில விரிப்புகள் சாயம் விட்டன. வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் ஒரு பக்கக் கன்னம் நீலமாகவும், முதுகு நீலமாகவும் கவுன்ட்டருக்கு வந்து நின்றார். நடேசன் எழுந்து நின்று கையைக் கூப்பினார். "சாமி, ஆலகால விஷம் குடிச்சவருக்குக் கழுத்துலதான் ஊதா. உங்களுக்கு ஒடம்பெல்லாம் குடுத்திருக்காரு. ஒங்க பாக்கியம்." வேட்டிக்காரர் கன்னத்தைக் கழுவாமலே கோயிலுக்குப் போனார்.

ஏகாம்பரம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தீபம் முடிந்துவிட்டது. நாற்காலிக்கான கெடுவும் முடிந்துவிட்டது. பட்டறை திறந்த முதல் நாள் நான் கீழே யாரையும் கேட்காமல் நேராக மேலே போய் உட்கார்ந்தேன். அனுப்புவதென்றால் அவர் வந்து அனுப்பட்டும். கீழே அவர் வரும் சத்தம் கேட்டது. மடிப்பு மேஜையில் இருந்த பெண்கள் என்னைப் பற்றி ஏதோ சொல்ல, அவர் "ம்" என்றார். வேலை செய்வதாகக் காட்டிக்கொள்ள ஓர் எழுத்தை மூன்று முறை அழித்து வரைந்தேன்.

சிறிது நேரத்தில் யாரோ ஒரு வியாபாரி வந்தார். புதிதாகத் தைலம் போடப் போகிறாராம், லேபிளுக்குக் கலர் சொல்ல வேண்டுமாம். ஏகாம்பரம் வழக்கமாகக் கீழேயே முடித்துவிடும் பேச்சு அது. அன்று முடிக்கவில்லை.

"கலரா? அத்த எங்கிட்ட கேக்காதீங்க. மேல மேடம் இருக்காங்க, அவங்களப் பாருங்க."

யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.